எண் பதினான்கு

ஓபர்ஷ்லாய்டனில் வீடுகளுக்கு எண் போட்டவர்கள்
தெருவைப் பார்த்துப் போடவில்லை.
முதலில் எழுந்தது ஒன்று: மாவு ஆலை.
பாதிரியார் வீடு இரண்டு.
மூன்றைத் தேடி நான் முதல் வாரம்
ஓடைப் பாலத்தை நான்கு முறை தாண்டினேன்.
அறுபத்தேழுக்கும் அறுபத்தெட்டுக்கும் நடுவே
ஒரு குன்று இருக்கிறது, ஒரு போரும்.

மஞ்சள் வண்டியை நிறுத்திவிட்டுச்
சுவரைப் படிக்கப் பழகினேன்.
மரச்சட்டமும் களிமண்ணும் என்றால் நாற்பதுக்குள்.
செங்கல் என்றால் ரயில் வந்த பிறகு.
காருக்கு ஓர் அறை இருந்தால் நூறைத் தாண்டும்.

பதினான்கு மட்டும் சிக்கவில்லை.
பதின்மூன்றுக்கும் பதினைந்துக்கும் நடுவே
பல் விழுந்த இடம்;
காலிப் புட்டி போடும் தொட்டிகள் மூன்று,
பச்சைக்கு, பழுப்புக்கு, நிறமில்லாததற்கு.
பதினான்கோ
இரண்டு கிலோமீட்டர் மேலே, காட்டோரம்,
எண்பத்தெட்டுக்குப் பக்கத்து வீடாக
மாட்டுக்கொட்டகையோடு நிற்கிறது.

கையெழுத்துப் போட்டுக்கொண்டே
ரோஸ்வித்தா டோர்வெக்டர் சொன்னாள்:
எங்களுக்கு முப்பத்தொரு துண்டு நிலம்,
ஒன்று படுக்கை விரிப்பு அகலம்தான்.
அறுபத்து மூன்றில் எல்லாவற்றையும் கூட்டி
மூன்றாகத் திருப்பிக் கொடுத்தார்கள்.
மாடுகளை ஓட்டிக்கொண்டு மேலே வந்தோம்.
மாமனார் பழைய வாசலில்
எண் தகட்டைத் திருகு கழற்றிச்
சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

போன வசந்தத்தில்
தீயணைப்புக் கொட்டகையில் கூட்டம்.
மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த அன்யா வெல்க்னர்
திரையில் எங்கள் ஊரை ஐந்து முறை காட்டினாள்.
முதலில், கை தவறிக் கொட்டிய புளியங்கொட்டைபோல
ஓடையருகே ஒரு குவியல்.
பிறகு சாலையோரம் நூல் பிடித்து ஒரு வரிசை.
பிறகு மேட்டில் சிதறிய தனித்தனிப் புள்ளிகள்.
பிறகு வெளியே புதுக் குடியிருப்பு:
கருங்குருவிச் சந்து, வானம்பாடிச் சந்து
(வானம்பாடி அங்கே ஒரு காலத்தில் இருந்தது,
அந்த வயலில்தான் இப்போது சந்து).
ஐந்தாவதில் நடு வெளுத்து,
ஓரம் மட்டும் தடித்து.
டோனட், என்றாள்.

எனக்கு உளுந்து வடை.
நடு வேகாமல் போகக் கூடாதென்றுதான்
வடைக்குத் துளை.
இங்கே நடுவில் எதுவும் வேகவில்லை;
ரொட்டிக்கடை அடுப்பு அணைந்து ஒன்பது வருடம்.

தெருப்பெயர் வேண்டும் என்பதில் சண்டையே இல்லை.
எழுபத்தொன்றில் மார்பு வலித்தவருக்கு
ஆம்புலன்ஸ் எழுபதின் வாசலில் காத்திருந்ததை
யாரும் மறக்கவில்லை.
கைகள் உயர்ந்தன. என் கைக்கு வாக்கில்லை,
நான் பக்கத்து நகரவாசி;
ஆனாலும் அது பாதி உயர்ந்துவிட்டது.
ரோஸ்வித்தா இனி காட்டோர வழி ஒன்று.
இந்த வயதில் முதலிடமா, என்று சிரித்தாள்.

டிசம்பர் முப்பத்தொன்று.
இரண்டரை மணி நேர வேலை.
ஆலையில் வண்டியை விட்டுவிட்டு
எண் வரிசையிலேயே போடுவதென்று நடந்தேன்.
ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.
பனி கணுக்கால் அளவு.
பதின்மூன்றிலிருந்து மேடேறிப் பதினான்கு,
பதினைந்துக்காக மறுபடி கீழே.
இடிந்துபோன இருபத்தாறில்
போட ஒன்றுமில்லை; நின்றுவிட்டுப் போனேன்.
ஐம்பதுகளில் சாலையோடு நேராக நடந்தேன்,
வேலை சுலபம், காலுக்கு நிம்மதி.
நூற்றிரண்டில் ஒரு நாய் சேர்ந்துகொண்டு
நூற்றி நாற்பதில் சலித்துத் திரும்பியது.
என் தடங்கள் ஒன்றையொன்று வெட்டி,
மிதித்து, பூனை கலைத்த நூற்கண்டு.

நூற்று எழுபத்து மூன்று
சூரியத் தகடுகள் விரிந்த சரிவில்
முனகும் ஒரு மின்பெட்டி.
அதற்குக் கதவுண்டு, தபால் பெட்டி இல்லை.
மிச்சமிருந்த விளம்பரத் தாளை
மடித்துக் கம்பிவலையில் செருகினேன்.
இருட்டிவிட்டது.
வண்டியை எங்கே விட்டேன் என்று
கொஞ்ச நேரம் யோசிக்க வேண்டியிருந்தது.

ஒன்றில்.
ஆலைக்கு முன்னால்.